சுளை எத்தனை? வட்டி எவ்வளவு?

பலாப்பழத்தை அறுக்காமலே, உள்ளே எத்தனை சுளை என்று சொல்ல முடியுமா? முடியும் என்கிறார் காரிநாயனார். காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். 100 முள் இருந்தால் 120 சுளை! அவருடைய 'கணக்கதிகார'த்தில் இத்தகைய வேடிக்கைக் கணக்குகள் பல உண்டு. விதி பலிக்கிறதா என்று பழத்தை அறுத்துப் பார்த்துவிடலாம். பலிக்காவிட்டாலும் தின்னச் சுளை இருக்கிறது!

இந்தச் சுவாரஸ்யம் நமது உயர்நிலைப் பள்ளிகளில் எங்கே போயிற்று? பத்தாம் வகுப்பில் கூட்டுத் தொடர்வரிசை என்று ஒரு பாடம். மாணாக்கன் சூத்திரத்தை நெட்டுருப் போடுகிறான். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறான். அதையே வீட்டுப் புதிராகப் போட்டுப் பார்ப்போமே.

ஒருவர் 12,000 ரூபாய்க்குத் தையல் இயந்திரம் ஒன்றைத் தவணையில் வாங்குகிறார். வட்டி வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்து என்கிறார் கடைக்காரர். ஆக, வட்டி 1,200. மாதம் 1,100 வீதம் 12 தவணை. வட்டி உண்மையில் நூற்றுக்குப் பத்துத்தானா?

"ஆமாம் சார்!" என்று வகுப்பே கூவும். அதற்கப்புறந்தான் விளையாட்டு. மாதம் 1,000 வீதம் அசல் குறைந்துகொண்டே வருகிறதல்லவா? முதல் மாதம் கடன் 12,000. அடுத்த மாதம் 11,000. கடைசி மாதம் வெறும் 1,000. எல்லாவற்றையும் கூட்டினால் 78,000. இதை 12-ஆல் வகுத்தால் 6,500. சராசரியாக 6,500 ரூபாய்க் கடனுக்குத்தான் அந்த மனிதர் 1,200 ரூபாய் வட்டி கட்டுகிறார். நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல்! கூட்டுத் தொடர்வரிசை இனி மறக்குமா?

2013-ல் நார்வேயில் தோன்றிய 'கஹூட்' போன்ற செல்போன் வினாவிடைப் போட்டிகள் இப்போது வகுப்பறைக்குள் வந்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு ஏக உற்சாகம். ஆனால் சட்டென்று சொன்னவனுக்கு அதிகப் புள்ளி என்பது அவற்றில் சாதாரண வழக்கம். வாய்பாட்டுக்கு அது சரி. தவணைக் கணக்கில் சட்டென்று வரும் விடைதான் தவறான விடை. கடைக்காரர் எதிர்பார்ப்பதும் அதைத்தான்! ஆகவே கடிகாரத்தை ஒதுக்கிவிட்டு, நாலு பேர் கொண்ட குழுக்களாக உட்காரவைத்து, பிறர் விடையில் பிழை காட்டும் குழுவுக்குப் புள்ளி கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். பின் பெஞ்சில் நிதானமாக யோசிக்கும் பையனுக்கும் அப்போது வாய் திறக்கும்.

ஒரு விஷயம். வீட்டிலிருந்து தவணை அட்டையைக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். யார் வீட்டில் என்ன கஷ்டமோ! பத்திரிகை விளம்பரமே போதும். இந்த ஞாயிறு இதழைப் புரட்டினாலே ஒன்றிரண்டு அகப்படக்கூடும்.