அட்டையில் ஏழு மாத்திரை இருக்கும்போதே

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்கும் டேனரிக்கும் வேலைக்குப் போகிற வீடுகளில் மளிகை, சீட்டுப் பணம், பள்ளிக் கட்டணம் எல்லாமே சம்பளத் தேதியை ஒட்டித்தான் நகரும். சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் அதே வரிசையில் சேர்ந்துவிடுகின்றன. சம்பளம் வந்ததும் மூன்று அட்டை, அடுத்த சம்பளத்துக்கு அடுத்த மூன்று. ஒழுங்கான பழக்கம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால்தான் ஓட்டை தெரியும். அட்டைக்குப் பத்து வீதம் மாதம் முப்பது, பன்னிரண்டு மாதத்துக்கு 360. வருடத்துக்கு நாட்களோ 365. தினம் ஒன்று போடுகிறவருக்கு ஐந்து நாள் துண்டு விழுகிறது. காலையும் இரவும் போடுகிறவருக்கு முழுதாக ஓர் அட்டையே குறைகிறது. சம்பளம் தள்ளிப்போன மாதங்களையும், ஓவர்டைம் முடிந்து வருவதற்குள் கடை சாத்திவிட்ட நாட்களையும் இதோடு கூட்டிக்கொள்ளுங்கள். இவ்வளவுக்கும் இதில் யாருடைய மறதியும் இல்லை. மருந்து வாங்கும் நாளைச் சம்பளத் தேதியோ காலி அட்டையோ முடிவு செய்வதுதான் கோளாறு. அட்டையில் மிச்சமிருக்கும் எண்ணிக்கைதான் அதை முடிவு செய்ய வேண்டும். ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே மெடிக்கலில் சொல்லி வைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டு நாள் போடாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு மாத்திரைக்கு மாத்திரை பதில் வேறு. தைராய்டு மாத்திரை ஒருநாள் தவறினால் உடம்பு காட்டிக்கொடுக்காது. அந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு மற்ற மருந்துகளையும் எடைபோடுவதில்தான் ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், வருடக்கணக்கில் வராத வலிப்பும் திரும்ப வரலாம். இதயத்துக்குத் தரும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் படபடப்பும் நெஞ்சுவலியும் கூடலாம். பிரஷர் ஏறியதோ பெரும்பாலும் வெளியே தெரிவதே இல்லை. தமிழக அரசுக்காக 2020-இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. நோய் இருப்பதே தெரியாதவர்களும் இதில் அடக்கம் என்பதால் முழுப் பழியையும் விட்டுப்போன மாத்திரை மேல் போட முடியாது. ஆனால் நீண்டகால நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி சாப்பிடுவோர் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இலேயே எழுதியது. அதைச் சாதாரணமாக ஒதுக்க முடியாது.

ஏன் ஒரு வாரம்? சின்ன மெடிக்கல் கடை, ஓடுகிற சரக்கைத்தான் அடுக்கி வைத்திருக்கும். மற்றதை மொத்த வியாபாரியிடம் சொல்லித்தான் வரவழைக்க வேண்டும். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மருந்து ஊர்க் கடையில் அதே பெயரில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கையில் ஒரு மாத்திரைகூட இல்லாமல் போய் நிற்கிறவர் கடைக்காரர் நீட்டும் மாற்றுக் கம்பெனி மாத்திரையை வாங்கிக்கொள்வார். கையில் ஏழு இருப்பவர் டாக்டரைக் கேட்டுவிட்டு வருவார். வலிப்புக்கும் ரத்தம் உறையாமல் இருப்பதற்கும் தரும் மருந்துகளில் இந்த வித்தியாசம் பெரிது. அரை அட்டை வெட்டி வாங்கும்போதும் கவனம் தேவை. தொகுதி எண்ணும் காலாவதி தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரம் கடையோடு போய்விட்டால் உங்கள் கையில் இருப்பது காலாவதி தெரியாத வெள்ளை வில்லைகள். கடையே திறக்காத நாளும் வரும். ஆன்லைன் மருந்து விற்பனையை எதிர்த்து 2018 செப்டம்பர் 28-இல் நாடு முழுக்க மருந்துக் கடைகள் அடைக்கப்பட்டன. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டது. வருடமெல்லாம் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு அது.

பணம்தான் பிரச்சினை என்பார்கள். நியாயம்தான். ஆனால் முன்கூட்டி வாங்குவதில் கூடுதல் செலவு முதல் மாதம் மட்டுமே, அதுவும் ஓர் அட்டை அளவுக்கு. அதற்கும் வழியில்லை என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் உயிர்நாடியே, மாத்திரை தீர்ந்த பிறகு நோயாளி அலையக்கூடாது என்பதுதான். அந்தத் திட்டத்தில் மாத்திரையோடு வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பகலில் வருவார், தைக்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் அப்போது வீட்டில் இருக்கமாட்டார் என்ற குறை இருக்கிறது. பணியிடத்துக்கே போகும் திட்டம் 2024-இல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் மலிவு விலையில் மருந்து விற்கும் முதல்வர் மருந்தகங்களும் திறக்கப்பட்டன.

அதற்காக ஆறு மாத மருந்தை அலமாரியில் குவிக்கச் சொல்லவில்லை. டாக்டர் அளவை மாற்றினால் அத்தனையும் வீண். ரம்ஜான் நோன்பு பிடிக்கும் சுகர்காரர்களுக்கு மாத்திரையின் நேரமும் அளவும் மாறக்கூடும் என்பதால், டாக்டரைப் பார்த்த பிறகே அந்த மாதத்துக்கு வாங்குவது நல்லது. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். வேலூர் வெயிலில் ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் சேமிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. சட்டமும் ஒரு கோடு போட்டிருக்கிறது. மருந்து விதிகள், 1945-இன் 65-ஆம் விதிப்படி, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கொடுக்கலாம் என்று டாக்டரே எழுதாத சீட்டுக்குக் கடைக்காரர் மறுபடி மருந்து தரக்கூடாது. நடைமுறையில் கசங்கிப்போன ஒரே சீட்டு வருடக்கணக்கில் ஓடுகிறது என்பது ஊருக்கே தெரியும். ஒருநாள் நேர்மையான கடைக்காரர் ஒருவர் மறுப்பார், அன்றைக்குப் பார்த்து அட்டை காலியாக இருக்கும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, இதை எத்தனை மாதத்துக்கு வாங்கலாம் என்று சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.