கம்ப்யூட்டர் டிகிரி கையில்... எந்த வாசல் யாருக்குத் திறக்கும்?

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், கடைசி செமஸ்டர் நெருங்கும்போது ஒரே கேள்விதான்: ''கேம்பஸ்ல வேலை கிடைச்சுதா?'' கிடைக்கவில்லை என்றால் வீடே சோர்ந்துபோகிறது. ஆனால், கேம்பஸ் இன்டர்வியூ என்பது பல வாசல்களில் ஒன்று மட்டுமே.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பி.இ., பி.எஸ்ஸி., பி.சி.ஏ. மூன்றிலும் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தாலும், எல்லா வாசலும் எல்லோருக்கும் திறப்பதில்லை. ஒரு வருடம் கோச்சிங் போய்விட்டு, விண்ணப்பிக்கும் நாளில் 'தகுதி இல்லை' என்று தெரியவந்தால், அந்த ஒரு வருடம் வீண்தான்.

வங்கியில் ஐ.டி. ஆபீசர்

பொதுத்துறை வங்கிகளுக்கான ஐ.டி. ஆபீசர்களை ஐ.பி.பி.எஸ். தேர்வு மூலம் எடுக்கிறார்கள். வயது 20 முதல் 30 வரை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. கம்ப்யூட்டர், எலெக்ட்ரானிக்ஸ் சார்ந்த 4 ஆண்டு இன்ஜினீயரிங் பட்டமோ, எம்.சி.ஏ. போன்ற முதுநிலைப் பட்டமோ வேண்டும். வெறும் பி.சி.ஏ. போதாது. அதே பி.சி.ஏ. பட்டதாரி வங்கிகளின் கிளார்க், புரொபேஷனரி ஆபீசர் தேர்வுகளைத் தாராளமாக எழுதலாம். அவற்றுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வும் அப்படித்தான்.

இரண்டே ஆண்டு எம்.சி.ஏ.

முன்பு 3 ஆண்டாக இருந்த எம்.சி.ஏ., இப்போது 2 ஆண்டுதான். மூடியிருக்கும் பல வாசல்களை பி.சி.ஏ., பி.எஸ்ஸி. மாணவர்களுக்குத் திறக்கும் சாவி இது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எழுதித் தமிழகக் கல்லூரிகளில் சேரலாம். நிம்செட் எழுதினால் திருச்சி என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் இடம் பிடிக்கலாம். நிம்செட்டுக்குப் பட்டப்படிப்பில் கணிதமோ புள்ளியியலோ படித்திருக்க வேண்டும் என்பதை முதல் வருடத்திலேயே கவனிப்பது நல்லது.

பொறியாளர்களுக்கு 'கேட்'

எம்.டெக். சேர மட்டுமல்ல 'கேட்' தேர்வு. சில பொதுத்துறை நிறுவனங்கள் கணினிப் பொறியாளர்களை இந்த மதிப்பெண் பார்த்தே அழைக்கின்றன. மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். 2024 முதல் டேட்டா சயின்ஸ் மற்றும் செயற்கை நுண்ணறிவுக்குத் தனித் தாளும் உண்டு.

ஆசிரியர் பணி

அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினிப் பயிற்றுநர் ஆக, முதுநிலைப் பட்டத்துடன் பி.எட். வேண்டும். கல்லூரியில் பாடம் எடுக்க விரும்புபவர்கள் முதுநிலைப் பட்டத்துக்குப் பிறகு நெட் அல்லது செட் தேர்ச்சி பெறலாம்.

தனியார் துறையில்...

புரோகிராம் எழுதுவது மட்டுமே ஐ.டி. வேலை அல்ல. டெஸ்ட்டிங், கிளவுட் நிர்வாகம், சைபர் செக்யூரிட்டி, டேட்டா அனலிஸ்ட், யு.ஐ. டிசைன் என்று பிரிவுகள் பல. சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்தில் 2024-ல் மினி டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன.

சாதாரண கோடிங்கை ஏ.ஐ. கருவிகளே எழுதித் தருவதால், சான்றிதழ்களைக் குவிப்பதைவிட, சொந்தமாகச் செய்த ஒரு புராஜெக்ட்டை வரிக்கு வரி விளக்கத் தெரிவதே இன்டர்வியூவில் கைகொடுக்கும்.

பணம் கேட்டால் உஷார்!

வேலை கிடைக்காத பதற்றத்தில்தான் பல குடும்பங்கள் 'பேக்டோர்' ஏஜென்ட்டுகளிடம் நகையை அடகுவைத்துப் பணம் கொடுக்கின்றன. சிலர் போலி அனுபவச் சான்றிதழும் தயாரித்துத் தருகிறார்கள். நிறுவனங்கள் பி.எஃப். கணக்கின் பணி விவரத்தைச் சரிபார்த்தாலே பொய் வெளிப்பட்டுவிடும். வேலையும் போகும்; பணமும் போகும். பயிற்சிக் கால ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுவதற்கு முன்பும், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைப் பெற்றோரும் படித்துப் பார்ப்பது அவசியம்.

விருப்பமான மூன்று வாசல்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின் கடைசி அறிவிப்பை அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்து, பட்டம், வயது, மதிப்பெண் மூன்றும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க ஒரு மாலைப் பொழுது போதும். கோச்சிங் ஃபீஸ் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.