அருவிக்குப் போக ஒரு நாள் வேண்டும்

கேமரன் மலைக்கு ஏறும் பஸ்ஸைத் தினமும் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டியவர்கள் தாப்பா, பீடோர் வட்டாரத் தோட்டங்களில் எத்தனையோ பேர். அந்த மலைப்பாதையின் ஓரத்திலேயே லாத்தா இஸ்கந்தார் அருவி கொட்டுகிறது. அதில் காலை நனைத்தவர்கள் எத்தனை பேர் என்று லயத்தில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் சிரித்து மழுப்புவார்கள். தூரம் என்று சொல்ல முடியாது. தாப்பா டவுனிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். தைப்பூசத்துக்குப் பத்துமலை போய் வருகிற செலவுகூட ஆகாது. பிறகு என்னதான் தடை? லீவுதான்.

சட்டத்தில் லீவு இல்லாமல் இல்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. வருடத்தில் 11 பொது விடுமுறைக்குச் சம்பளம் உண்டு. இதற்கு மேல் வருடாந்திர லீவு: இரண்டு வருடம் ஆகாதவருக்கு 8 நாள், ஐந்து வருடம் ஆகாதவருக்கு 12 நாள், அதற்கு மேற்பட்டவருக்கு 16 நாள். ஆனால் ஓய்வு நாளில் வேலை செய்தால் கூடுதல் சம்பளம் வருகிறதே என்று அப்பா செம்பனைக் குலை வெட்டப் போய்விடுகிறார். அம்மா துணி துவைக்கிறார். பிள்ளைகள் கைத்தொலைபேசியை நோண்டிக்கொண்டு கிடக்கிறார்கள். கூடுதல் காசுக்குப் போவதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆனது உண்மைதான். அது கடைக்குப் போனால் எத்தனை நாள் நிற்கிறது என்பது உங்களுக்கே தெரியும். நாம் கேட்பது வருடத்தில் ஒரே ஒரு நாள். பிள்ளைகளோடு.

பால்மரத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். மரம் இலை உதிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சில் பால் குறைந்துவிடும், கையில் காசும் குறைவு. ஆனால் அருவிக்குப் போக அதுதான் நல்ல காலம். மழை குறைவு, தண்ணீர் தெளிவாக இருக்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வாடகை வேன் பிடித்துப் போனோம். பெரியவர்கள் ஏழு பேர், பிள்ளைகள் நான்கு. எங்களோடு வந்த ஒரு பெரியம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பனியும் கொசுக்கடியும் அவருக்குப் பழக்கம், காடு என்றால் வேலைதான். சேலையோடு ஒரு பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டவர் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. "இம்புட்டு ஜில்லுன்னு இருக்கும்னு எவளும் எங்கிட்ட சொல்லலியேடி" என்று மகளைக் கோபித்துக்கொண்டார். மகளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

சாப்பாட்டை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போய்விடுங்கள். புளிச்சாதம், அவித்த முட்டை, நெத்திலிச் சம்பல், பிளாஸ்க்கில் தேத்தண்ணி, இது போதும். அடுப்பும் சட்டியும் தூக்கிக்கொண்டு வந்து, ஆண்கள் குளிக்க, பெண்கள் பாறை இடுக்கில் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த குடும்பம் ஒன்றையும் அன்று பார்த்தோம். இதற்கு அவர்கள் லயத்திலேயே இருந்திருக்கலாம். புளிச்சாதத்தைக் கிளறுவதையும் கட்டுவதையும் ஆண்கள் செய்தால் கை தேய்ந்துவிடாது.

புட்டி வேண்டாம். இதை அழுத்தியே சொல்கிறோம். குடித்தவர் காலுக்குப் பாசிப் பாறை தெரியாது, குடித்த தகப்பன் கண்ணுக்குப் பிள்ளை தெரியாது. அருவி விழும் இடத்துக்கு நேர் கீழே ஆழமும் இழுப்பும் இருக்கும், அங்கே நீச்சல் தெரிந்தவனும் திணறுவான். பிள்ளைகளைக் கரையோரத்தில், முழங்கால் அளவுத் தண்ணீரில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் குளிக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 'எல்லாரும் பாத்துக்குவாங்க'ன்னு விட்டால் யாருமே பார்க்கமாட்டார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து மேலேயிருந்து வருவது. மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். நம் தலைக்கு மேலே வெயில் காயும், மலை உச்சியில் கனமழை கொட்டும். அந்தத் தண்ணீர் முழுவதும் மண்ணையும் மரத்தையும் வாரிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கும். 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி கெடாவில் ஜெராய் மலையிலிருந்து அப்படித்தான் வந்தது. யான் வட்டாரத்தில் வீடுகள் சேற்றில் புதைந்தன, ஆறு பேர் மாண்டனர். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், செருப்பைக்கூடத் தேடாதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். ஆற்றின் நடுப்பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவதும், அக்கரைக்குப் போய்ப் பாய் விரிப்பதும் கூடாது. தண்ணீர் ஏறினால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். மலையில் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான். காலை எட்டு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்து, ஒரு மணிக்கு மூட்டையைக் கட்டிவிடுவது நல்லது.

இன்னொன்று, வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டியது. குளித்து ஓரிரு வாரத்தில் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் கிளினிக்கில் வெறும் காய்ச்சல் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். "ஆத்துல குளிச்சோம் டாக்டர்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் காய்ச்சலாக இருக்கலாம். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும், முற்றினால் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் கிருமி எளிதாக உள்ளே போகும், அப்படிப்பட்டவர் தண்ணீரில் இறங்காதிருப்பதே மேல். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமா? அருவிக்கே போகாதவர்களும் காய்ச்சல் வந்தால் தோட்ட வேலை செய்வதை டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும்.

மலைப்பாதை வளைவுகள் பிள்ளைகளின் வயிற்றைக் கலக்கும். போகும்போது பாதி வயிறு சாப்பிட்டால் போதும், ஊறவைத்த புளிப்புப் பழம் ஒரு பொட்டலமும், இரண்டு பிளாஸ்டிக் பையும் கையில் இருக்கட்டும். ஒரு பை வாந்திக்கு, மற்றது குப்பைக்கு. திரும்புகிற வழியில் சாலையோரம் ஓராங் அஸ்லி மக்கள் பெத்தாய்க் கட்டும் மூங்கிலும் வைத்து விற்பார்கள். காடு காட்டாய் இறங்கி அவர்கள் பறித்து வந்தது அது, ஒரு வெள்ளிக்காக ரொம்ப அடித்துப் பேசாதீர்கள். பெரியம்மா இரண்டு கட்டு வாங்கினார். மறுநாள் எங்கள் லயத்தில் பாதி வீட்டில் பெத்தாய்ச் சம்பல் வாசம்.