எத்திசைக் காணொளியும் காண்போர் மதிப்பீடும்

நின்ற இடத்திலிருந்தே முன்னும் பின்னும், மேலும் கீழும் நோக்கத்தக்கவாறு 360 பாகையும் பதிவு செய்யப்பெற்ற காட்சியை எத்திசைக் காணொளி எனலாம். யூடியூப் 2015ஆம் ஆண்டு இவ்வகைக் காணொளிக்கு இடமளித்தது. இணையவழி வந்து சேரும் இக்காட்சியின் தரத்தை அறிவது எவ்வாறு என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

உருண்டைக் காட்சியை அனுப்புதற்கு அதனைத் தட்டையான செவ்வகமாக விரிப்பது பெருவழக்கு. சில உலகப் படங்களில் கிரீன்லாந்து தன் அளவினும் பெரிதாகத் தோன்றுவதுபோல, இவ்விரிப்பில் உச்சியும் அடியும் மிகையாக நீள்கின்றன. மூலப் படத்தையும் வந்த படத்தையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடும் கணக்கு, காண்போர் அரிதாகவே நோக்கும் இப்பகுதிகளுக்கு மிகுந்த மதிப்பளித்து விடுகிறது. நடுக்கோட்டிலிருந்து விலக விலக மதிப்பைக் குறைக்கும் கணக்குகள் இக்குறையைக் களைய எழுந்தன. எனினும், ஒருவர் ஒரு நேரத்தில் காண்பது ஏறத்தாழ 100 பாகை அகலமே. அப்பகுதியும் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

இணைய வேகம் குன்றுங்கால், நோக்கும் பகுதியைத் தெளிவாகவும் ஏனையவற்றை மங்கலாகவும் அனுப்புவதுண்டு. காண்பவர் திடுமெனத் தலையைத் திருப்பின் மங்கல் கண்ணிற்படும். தெளிவு வரச் சற்றே காலந்தாழும். அத்தாழ்வு எவ்வளவு உறுத்துகிறது என்பதைக் காண்பவரே கூற வல்லார்.

ஆதலின், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2020ஆம் ஆண்டு பி.919 என்னும் பரிந்துரையை வெளியிட்டது. தலையில் அணியும் திரைவழிக் குறுங்காட்சிகளைக் காட்டி மதிப்பறியும் முறைகளை அது வகுத்துரைக்கிறது. அவற்றுள் ஒன்றின்படி, 'மிக நன்று' முதல் 'மிக மோசம்' வரையிலான ஐந்து படிகளுள் ஒன்றைக் காண்பவர் தேர்வர். 5 முதல் 1 வரையிலான அம்மதிப்பெண்களின் சராசரி கணக்கிடப்பெறும்.

சராசரி மட்டும் போதுமா? போதாது என்பதே நம் கருத்து. இருவர் 3 என்றே மதிப்பிட்டாலும், ஒருவர் வானத்தையும் மற்றவர் தெருவையும் நோக்கியிருக்கலாம். எனவே தலை திரும்பிய திசைகளையும் உடன்வைத்து நோக்கல் வேண்டும். கண் காணும் அசைவை உடல் உணராதபோது தலைச்சுற்றலும் குமட்டலும் தோன்றலாம். அவற்றை அறிய, பாவனைப் பயிற்சிப் பொறிகளுக்கென 1993ஆம் ஆண்டு வெளிவந்த வினாநிரல் இன்றும் பயன்படுகிறது. தெளிவாயிருந்தும் காண்பவரை வருத்தும் காட்சியைத் தரமுடையது என்றல் பொருந்தாது.

பொறியின் கணக்கு விரைவானது, செலவு குறைந்தது. அக்கணக்கின் மெய்ம்மையை உரைத்துப் பார்க்கும் உரைகல்லோ மனிதர்தம் தீர்ப்பேயாம்.