செண்பகராமன், தம்பி: தாய்வழியில் வந்த இரண்டு அரிய பெயர்கள்

தமிழகத்தின் பெரும்பகுதியில் ஒருவருடைய பெயர் என்பது அவருக்கு இடப்பட்ட பெயரும், அதற்கு முன்னால் தகப்பனார் பெயரின் முதலெழுத்துமாகவே அமைகிறது. தகப்பனாரின் முதலெழுத்து மகனோடு நின்றுவிடுவதாலும், பேரனுக்கு வேறொரு முதலெழுத்து வந்துவிடுவதாலும், தலைமுறைதோறும் மாறாமல் தொடர்கிற குடும்பப் பெயர் என்பது இங்கே வழக்கத்தில் இல்லை. இந்தப் பொது வழக்கத்துக்கு விலக்காக நிற்கும் பகுதிகளுள் ஒன்று கன்னியாகுமரி மாவட்டம். தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய பழைய வட்டங்கள் சேர்ந்த நாஞ்சில் நாடும், அதற்கு மேற்கே வேணாட்டு அரசின் பழைய இருப்பிடமான கல்குளமும், அதை அடுத்த விளவங்கோடும் 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணையும் வரை திருவிதாங்கூரின் பகுதிகளாக இருந்தமையால், அந்த அரசு தன் ஊழியர்களுக்கும் உறவினர்களுக்கும் அளித்த பட்டங்கள் இங்குள்ள சில வீடுகளில் பெயரோடு பெயராக ஒட்டிக்கொண்டன. அவற்றுள் பிள்ளை என்பது எங்கும் பரவியது. செண்பகராமன் என்பதும், அரச குலத்தோடு தொடர்புடைய தம்பி என்பதும் அரிதாகவே இருந்து, இன்று மேலும் அருகிவிட்டன. அவை ஏன் அருகின என்பதற்கான விடை, இப்பகுதியில் சொத்தும் குலமும் யார் வழியாக இறங்கின என்பதில் அடங்கியிருக்கிறது.

செண்பகராமன் என்பது ஒரு பட்டம். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மர், எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் எதிர்ப்பை அடக்கிச் சிறு நாடுகளை ஒன்றிணைத்துத் திருவிதாங்கூரை உருவாக்கியபோது, பரம்பரைச் செல்வாக்கால் தலைநிமிர்ந்து நின்ற பழைய பிரபுக்களுக்கு மாற்றாக, தம்மிடம் நேரடியாகக் கடமைப்பட்ட ஒரு புதிய மேல்வகுப்பை உண்டாக்க வேண்டியிருந்தது. அரசருக்குச் செய்த சேவைக்காக, பெரும்பாலும் நாயர் குலத்துப் பிரமுகர்களுக்கு அளிக்கப்பட்ட செண்பகராமன் பட்டம் அந்த நோக்கத்துக்கு நன்றாகப் பயன்பட்டது. பட்டம் பெறுகிறவரை யானை மீது ஏற்றி, அரண்மனை அதிகாரிகள் உடன்வர, கோட்டைக்குள் இருக்கும் நான்கு தெருக்கள் வழியாக ஊர்வலமாக அழைத்துச் சென்று, முடிவில் திவான் அவரை எதிர்கொண்டு இருக்கை அளித்துத் தாம்பூலம் கொடுப்பது முறையாக இருந்தது. ஒரு ஓலையில் எழுதிக் கொடுத்து முடித்துவிடக்கூடிய காரியத்தை நகரம் முழுவதும் பார்க்க நடத்தியதில் பொருள் உண்டு: அன்று முதல் அவரை எப்படி விளிக்க வேண்டும் என்பதை ஊரார் அனைவரும் ஒரே நேரத்தில் தெரிந்துகொண்டார்கள்.

தம்பி என்பதன் கதை வேறு. திருவிதாங்கூர் அரச குலத்தில் அரியணை மருமக்கள் வழியில், அதாவது அரசரின் மகனுக்கு அல்லாமல் அவருடைய சகோதரியின் மகனுக்கு இறங்கியது. எனவே அரசருடைய மனைவி அரசியாகவில்லை, அம்மச்சி என்றே அழைக்கப்பட்டார். அவருக்குப் பிறந்த ஆண் மக்கள் தம்பி என்றும், பெண் மக்கள் தங்கச்சி என்றும் பட்டம் பெற்றார்கள். உறவுமுறையில் இளையவரைக் குறிக்கும் இச்சொற்கள் இங்கே மரியாதைப் பட்டங்கள். மார்த்தாண்டவர்மருக்கு எதிராக ஆட்சியுரிமை கோரிய பத்மநாபன் தம்பி, ராமன் தம்பி ஆகிய இருவரும் அவருக்கு முந்தைய அரசரான ராமவர்மரின் மக்கள். தந்தையின் நாடு தனயனுக்கு என்னும் தென்பாண்டி நாட்டு முறையும், மருமகனுக்கு என்னும் வேணாட்டு முறையும் மோதிக்கொண்ட இடம் அது. அந்த மோதலை மையமாக வைத்துத்தான் சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளிவந்த 'மார்த்தாண்டவர்மா' என்னும் மலையாள நாவலை எழுதினார்.

மார்த்தாண்டவர்மருக்குப் பின் வந்தவரும் தர்மராஜா என்று போற்றப்பட்டவருமான கார்த்திகைத் திருநாள் ராமவர்மர் (1758–1798) காலத்தில், அரசர்கள் மணம் கொள்ளும் வீடுகள் நான்கு என்று வரையறுக்கப்பட்டன. அந்த நான்கு அம்மவீடுகளின் பெயர்களைக் கேட்டால் குமரி மாவட்டத்து வாசகருக்குச் சொந்த ஊர் நினைவுக்கு வரும்: அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு. தலைநகரம் 1795இல் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபோது அந்த வீட்டுப் பெண்களும் உடன் சென்றார்கள்; அவர்களுக்காக அங்கே கட்டப்பட்ட மாளிகைகள் ஊர்ப் பெயர்களைத் தாங்கி நின்றன. வேறு குடும்பத்துப் பெண்ணை அரசர் மணக்க விரும்பினால், அவரை முதலில் இந்த நான்கு வீடுகளுள் ஒன்றுக்குத் தத்துக் கொடுத்த பிறகே மணம் நடந்தது. பட்டம் ஆளைப் பொறுத்ததன்று, வீட்டைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இசைக்குப் பெயர்பெற்ற அரசர் சுவாதித் திருநாள் திருவட்டாறு அம்மவீட்டைச் சேர்ந்த நாராயணிப் பிள்ளைத் தங்கச்சியை மணந்தார். அவர்களுடைய மகன் திருவட்டாறு சித்திரைநாள் அனந்தபத்மநாபன் செண்பகராமன் தம்பி என்று வழங்கப்பட்டார். தாய்வீட்டின் ஊர், பிறந்த நாள்மீன், இடப்பட்ட பெயர், பட்டங்கள் இரண்டு என்று அனைத்தும் அடுக்கி வரும் அந்தப் பெயரில், நாடாண்ட தகப்பனாரின் பெயர் எங்குமே இல்லை.

இப்படிப்பட்ட பெயர்களுள் மிக நீண்டதும், மிகுதியாகச் செய்தி சொல்வதும் வேலுத்தம்பித் தளவாயுடையது. இரணியலை அடுத்த தலக்குளத்தில் 1765இல் பிறந்து, 1799இல் அரசவையின் ஊழலுக்கு எதிராக மக்களைத் திரட்டி, பின்னர் தளவாயாக, அதாவது தலைமை அமைச்சராக உயர்ந்து, 1809 ஜனவரி 11 அன்று குண்டறையில் ஆங்கிலேயருக்கு எதிரான அறிக்கையை வெளியிட்டு, அதே ஆண்டு மண்ணடிக் கோயிலில் உயிர்துறந்த அவருடைய முழுப்பெயர், 'இடப்பிரபு குலோத்துங்க கதிர்குலத்து முளப்பட அரசரான இறையாண்ட தலக்குளத்து வலிய வீட்டில் தம்பி செண்பகராமன் வேலாயுதன்' என்று வழங்குகிறது. இடப்பிரபு என்பது ஒரு வட்டாரத்தின் தலைமையை உடையவர் என்பதைக் காட்டும். தொடர்ந்து குலப் பெருமை, ஊர், பெரிய வீடு என்னும் பொருளுடைய வலிய வீடு, அதன்பின் தம்பி, செண்பகராமன் என்னும் பட்டங்கள் வந்து, கடைசியில்தான் வேலாயுதன் என்னும் சொந்தப் பெயர் வருகிறது. ஊரார் வாயில் அது வேலு என்று சுருங்கியது. அவர் அரசரின் மகன் அல்லர். தம்பி என்பது சேவைக்காகவும் சில வீடுகளுக்கு வழங்கப்பட்டிருந்ததால் அவருடைய வீட்டுக்கும் அது உரியதாயிற்று. அவருடைய தந்தை குஞ்ஞுமாயிட்டிப் பிள்ளை. தாய் வள்ளியம்மைப் பிள்ளைத் தங்கச்சி. தந்தை பிள்ளையாக இருக்க மகன் தம்பியாக இருப்பது இன்றைய கண்ணுக்கு முரணாகத் தோன்றலாம். தாய் தங்கச்சி என்பதைப் பார்த்தவுடன் அது முறையாகவே தெரியும்.

தங்கச்சியின் மகன் தம்பி, மகள் தங்கச்சி. தம்பியின் மக்களோ அவருடைய மனைவியின் வீட்டுப் பெயருக்கே உரியவர்கள். 'ஓமனத்திங்கள் கிடாவோ' என்னும் தாலாட்டை எழுதிய இரயிம்மன் தம்பி (1782–1856) இதற்கு இன்னொரு சான்று. அவருடைய தந்தை சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த கேரளவர்மத் தம்பான். தாய் புதுமனை அம்மவீட்டுப் பார்வதிப் பிள்ளைத் தங்கச்சி. மகன் தம்பானாகவில்லை, தம்பியானார்.

குடும்பப் பெயர்கள் எவ்வாறு அழிகின்றன என்னும் கேள்வியை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் அறிஞர் 1873இல் ஒரு கணக்காகவே எழுப்பினார். ஹென்றி வில்லியம் வாட்சன் என்னும் கணித அறிஞரோடு சேர்ந்து அடுத்த ஆண்டு விடையையும் வெளியிட்டார். தந்தைவழிப் பெயர் ஒன்று தொடர வேண்டுமானால் ஒவ்வொரு தலைமுறையிலும் ஆண் பிள்ளை பிறக்க வேண்டும். எங்கோ ஒரு தலைமுறையில் பெண் மக்கள் மட்டும் பிறந்தால் அந்தக் கிளையின் பெயர் அங்கே முடிகிறது. ஆகவே புதிய பெயர்கள் சேராத நாட்டில் நீண்ட காலத்தில் சில பெயர்கள் மட்டும் பெருகிப் பிற பெயர்கள் மறையும். கொரியாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கிம் என்னும் ஒரே குடும்பப் பெயரைத் தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இதே கணக்கைத் தலக்குளத்துக்கோ திருவட்டாற்றுக்கோ கொண்டுவந்தால் அது அப்படியே தலைகீழாகும்: ஒரு தங்கச்சிக்கு ஐந்து ஆண் மக்கள் பிறந்து பெண் பிறக்கவில்லையென்றால், ஊர் பார்வையில் தம்பிமார் நிறைந்த அந்த வீடு, பெயரைப் பொறுத்தவரை முடிந்துபோன வீடு. அதனால்தான் மருமக்கள் வழிக் குடும்பங்கள் பெண் வாரிசு இல்லாதபோது பெண்ணைத் தத்தெடுத்தன. திருவிதாங்கூர் அரச குலமே 1900இல் மாவேலிக்கரையிலிருந்து சேதுலட்சுமிபாய், சேதுபார்வதிபாய் ஆகிய இரு சிறுமியரைத் தத்தெடுத்துத் தன் வழியைத் தொடர்ந்தது.

பிறப்பின் தற்செயலைவிடச் சட்டமே இப்பெயர்களை மிகுதியாகக் குறைத்தது. தாய்வழிக் கூட்டுக்குடும்பமான தறவாட்டைக் காரணவர், அதாவது மூத்த தாய்மாமன், ஆண்டார். அனந்திரவர் எனப்பட்ட மருமக்கள் அவருக்குக் கீழ் இருந்தார்கள். காரணவருடைய சொந்த மனைவி மக்களுக்குச் சொத்தில் உரிமை இல்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரும் இந்த முறையையே பின்பற்றினர். தந்தையின் மக்களுக்கு உகந்துடைமை என்னும் பெயரில் சிறு பங்கு கிடைத்ததைத் தவிர, கணவன் இறந்ததும் மனைவியும் மக்களும் வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலை இருந்தது. அந்தத் துயரத்தைத்தான் தேரூர்க் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்னும் நூலில் ஒரு பெண்ணின் வாயிலாகச் சொன்னார். நாயர்களுக்கு 1912லும் 1925லும், நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கு 1926லும் வந்த சட்டங்கள் மக்கள் வழி உரிமைக்கும் பாகப்பிரிவினைக்கும் வழிவிட்டன. அது நியாயமான மாற்றம். பெயர் ஒன்று நிலைக்க வேண்டும் என்பதற்காக எந்தப் பெண்ணும் குழந்தைகளோடு தெருவில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் வலிய வீடு பல வீடுகளாகப் பிரிந்து, பிள்ளைகள் தந்தையின் முதலெழுத்தைச் சூடத் தொடங்கியதும், தாய்வீட்டோடு ஒட்டியிருந்த பட்டத்தைத் தாங்கிச் செல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

புதிதாகப் பட்டம் வழங்கும் அரசும் மறைந்தது. திருவிதாங்கூர் 1949 ஜூலை 1ஆம் நாள் கொச்சியோடு இணைந்தது. அரசு எவருக்கும் பரம்பரைப் பட்டம் வழங்கக்கூடாது என்பதை இந்திய அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு உறுதிசெய்தது. சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கும் இயக்கம் 1929இல் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டுக்குப் பின் தமிழகமெங்கும் வலுப்பெற்றிருந்ததால், 1956க்குப் பின் தமிழகத்தில் வளர்ந்த குமரித் தலைமுறை பட்டமின்றி எழுதுவதையே இயல்பாகக் கொண்டது. இன்று தம்பி என்பது கடைப்பெயராகத் தொடர்வது பெரும்பாலும் கேரளத்தில்தான்.

இப்பெயர்களை உடையோர் எத்தனை பேர் என்று எண்ண விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெயர்வாரியாக எண்ணிக்கை வெளியிடுவதில்லை. வாக்காளர் பட்டியலைக் கொண்டு எண்ணினால், தம்பி என்பது கேரளக் கிறிஸ்தவர்களிடையே இடுபெயராகவும், தமிழகத்தில் தம்பிதுரை, தம்பிராஜ் போன்ற பெயர்களின் உறுப்பாகவும் வருவதால் தொகை பொய்யாகப் பெருகும். செண்பகராமனோ செம்பகராமன், சண்பகராமன் என்று பலவாறு எழுதப்படுவதால் குறைத்துக் காட்டப்படும். மேலும் அப்பட்டம் இடுபெயராகவும் மாறிவிட்டது. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பத்தில் 1891இல் திருவனந்தபுரத்தில் பிறந்து, ஜெர்மனியில் இருந்துகொண்டு இந்திய விடுதலைக்குப் பாடுபட்டு, 1915இல் காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசில் வெளியுறவுப் பொறுப்பை ஏற்று, 1934இல் பெர்லினில் மறைந்த செண்பகராமன் பிள்ளைக்கு அது பெற்றோர் சூட்டிய பெயரே. தோவாளை வட்டாரத்தில் செண்பகராமன்புதூர் என்னும் ஊர் இருக்கிறது. திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால், நாங்குநேரிக்கு அருகிலும் செண்பகராமநல்லூர் உண்டு. யானை மீது ஏற்றி அளித்த பெயர் ஊர்ப்பலகைகளில் நிலைத்திருக்கிறது, மனிதர்களிடத்தில்தான் குறைந்துவிட்டது.

இவ்வீடுகளின் வரலாற்றை மீட்பதற்கு வழி இருக்கிறது. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டில் கிடைத்த ஓலைகளைக் கவிமணி ஆராய்ந்ததாலும், பின்னாளில் அ. கா. பெருமாள் 'முதலியார் ஓலைகள்' என்று பதிப்பித்ததாலும், ஒரு குடும்பத்தின் பெட்டியில் இருந்தது நாஞ்சில் நாட்டின் பொது வரலாறாயிற்று. அதுபோன்ற ஓலைகளும், பழைய ஆதாரங்களும், பாகப்பத்திரங்களும் குமரி மாவட்டத்து வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றுள் பல மலையாளத்தில் எழுதப்பட்டவை. அந்தப் பழைய எழுத்தைத் தடையின்றிப் படிக்கிறவர்கள் முதியவர்கள். அப்படி ஒரு பத்திரம் வீட்டில் இருந்தால், அதில் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் ஆகியோரின் முழுப்பெயர்களையும், வீட்டுப் பெயரையும், தாயார் பெயரையும் ஒரு முதியவரைக் கொண்டு படிக்கச் செய்து, தமிழில் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தைக் கரையானுக்கு விடாமல் ஒளிப்படம் எடுத்து, அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கு ஒரு படியைக் கொடுங்கள்.