பெர்லினா, லண்டனா? எம்.ஜே. கோபாலனின் இரட்டை ஆட்டம்

1936 ஆகஸ்ட் 15. பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் தியான் சந்தின் இந்திய அணி ஜெர்மனியை 8-1 என்று புரட்டியெடுத்துத் தங்கம் வென்றது. லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும் மோதிய மூன்றாவது கிரிக்கெட் டெஸ்ட் தொடங்கியதும் அதே நாளில்தான். பெர்லின் ஹாக்கி வாய்ப்பை விட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆட இங்கிலாந்து போன தமிழ்நாட்டு வேகப்பந்து வீச்சாளர் எம்.ஜே. கோபாலனுக்கு அந்த டெஸ்டிலும் இடமில்லை. முந்தைய இரண்டிலும் இல்லை.

கம்பெனி வேலை, மைதானப் புகழ்

செங்கல்பட்டுப் பக்கம் 1909-ல் பிறந்த கோபாலன் ஆடி வளர்ந்தது திருவல்லிக்கேணியில். கோயிலைச் சுற்றி வீடும், வீட்டு வாசலில் கிரிக்கெட்டுமாக இருக்கும் பேட்டை அது. அவருடைய பந்துவீச்சைக் கண்டு அசந்த சி.பி. ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர், பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். ஆட்டம் சோறு போடாத காலம். மாதச் சம்பளம்தான் ஆட்டக்காரனைக் காப்பாற்றியது.

ரஞ்சியின் முதல் பந்து

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட் ஆடினார்; கிடைத்தது ஒரே விக்கெட். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் மோதின. ரஞ்சி கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் கோபாலன்தான். ஆனால் அன்றைய நாயகன் ஏ.ஜி. ராம்சிங். அவர் 11 விக்கெட் சாய்க்க, மைசூர் 48, 59 என்று சுருண்டு, ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது.

மறு ஆண்டு ஹாக்கி மட்டையோடு நியூசிலாந்து போனார். தியான் சந்த் தலைமையிலான அந்த அணி 48 ஆட்டம் ஆடி, எல்லாவற்றிலும் வென்று, 584 கோல் அடித்துத் திரும்பியது. அப்படிப்பட்ட அணியை விட்டுவிட்டுத்தான் 1936-ல் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு பயணமும் ஒரே கோடையில் வந்ததால் ஒன்றைத்தான் பிடிக்க முடிந்தது.

பெயரில் ஒரு கோப்பை

தங்கமும் போய், டெஸ்டும் கிடைக்காமல் வந்தவர் ஆட்டத்தை விடவில்லை. மெட்ராஸுக்காகத் தொடர்ந்து ஆடினார். முதல்தர ஆட்டங்களில் கிட்டத்தட்ட 200 விக்கெட் எடுத்தார். பின்னாளில் தேசிய அணியின் தேர்வாளராகவும் இருந்தார். 1950-களின் தொடக்கத்தில் மெட்ராஸும் இலங்கையும் மோதும் கோபாலன் கோப்பை பிறந்தது. 1981-ல் டெஸ்ட் அந்தஸ்து கிடைக்கும்வரை இலங்கை ஆட்டக்காரர்கள் தங்களைச் சோதித்துக்கொண்ட முக்கியக் களங்களில் அதுவும் ஒன்று.

2003 டிசம்பரில் கோபாலன் காலமானார். டெஸ்ட் பதிவேட்டில் அவர் கணக்கு ஒரே வரிதான். அவர் பெயரால் நடந்த ஆட்டங்களில் பந்து வீசிப் பழகிய இரு நாட்டு இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டால்தான் அந்தக் கணக்கு நேராகும்.