குழுக்கோலமும் தனிக்கோலமும்

பலர் ஒன்றுகூடி ஒரு செயலை இயற்றுமிடத்து, அவர்தம் தோற்றம் ஒன்றாயிருத்தல் வேண்டுமா, அன்றி அவரவர் விருப்பிற்கு விடப்படுதல் வேண்டுமா என்பது பழைய வினாவாகும். போர்வீரர் முதற் பாடகர் குழுவினர் ஈறாகப் பலரையும் இவ்வினா தொட்டுச் செல்லும். இதனைப் பொதுவாக ஆராயப் புகின் சொற்கள் பெருகுமேயன்றித் தெளிவு பிறவாது. ஆதலின், இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்துள்ள ஓரிடத்தை எடுத்துக்கொண்டு ஆராய்வாம். அவ்விடம் அமெரிக்க ஐக்கிய நாட்டின் விளையாட்டரங்கு. ஆராயப்படுவோர் அங்குச் 'சியர்லீடர்' என வழங்கப்பெறும் ஊக்கக் குழுவினர்.

'கூந்தல் முடிப்பதும் உதட்டிற் சாயம் தீட்டுவதும் ஆராய்ச்சிக்குரிய பொருளாமோ?' என நகைப்பாரும் உளர். அன்னார் சற்றுப் பொறுப்பாராக. திறமையிற் சிறந்த ஒரு பெண், தன் தலைமயிர் பிறந்த வண்ணமே இருத்தலால் குழுவில் நிற்றற்குத் தகாள் என்று சொல்லப்படுவாளாயின், அது சிறு செய்தியன்று.

இக்குழுக்களின் வரலாறு வியப்பிற்குரியது. 1898-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், மினசோட்டாப் பல்கலைக்கழகத்துக் காற்பந்தாட்டத்தின்போது ஜானி காம்ப்பெல் என்னும் மாணவர் கூட்டத்தின் முன்னே சென்று நின்று, எல்லாரும் ஒரே குரலாய் ஆர்ப்பரிக்குமாறு நடத்தினர். இவரையே முதல் ஊக்கத் தலைவர் என்பர். அக்காலத்தில் இப்பணி ஆடவர்க்கே உரியதாயிருந்தது. பின்னாளில் அந்நாட்டுத் தலைவர்களாய் விளங்கிய பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஐசனோவர், ரீகன் ஆகிய மூவரும் மாணவப் பருவத்தில் இப்பணியை ஆற்றியவரே. மினசோட்டாவில் 1923-இல் மகளிரும் சேர்ந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது இளைஞர் பலர் போர்க்களம் சென்றனர். அவர் விட்ட இடத்தைப் பெண்கள் நிரப்பினர். 1948-இல் லாரன்ஸ் ஹெர்க்கிமர் என்பார் டெக்சஸ் மாநிலத்தில் நடத்திய பயிற்சி முகாமிற்கு வந்தவர் ஐம்பத்திரண்டு பெண்களும் ஒரே ஓர் ஆணுமாவர். இவ்வாறாக ஆடவர் பணி மகளிர் பணியாயிற்று. ரூஸ்வெல்ட் எவ்வாறு தலை வாரினார் என்று எவரும் வினவியிரார். மகளிர் வந்த பின்னரோ, கூந்தலும் முகமும் பேச்சிற்குரிய பொருள்களாயின.

இம்மாற்றத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. முதலில் இக்குழுவினர் கூட்டத்தை ஆர்ப்பரிக்கச் செய்தலோடு அமைந்தனர். காலப்போக்கிற் கரணமடித்தலும், ஒருவரையொருவர் தாங்கி மனிதக் கோபுரமாய் எழுதலும் இதனுட் புகுந்தன. பின்னர்க் குழுவிற்கும் குழுவிற்கும் போட்டிகள் நிகழ்ந்தன. 1978-இற் கல்லூரிக் குழுக்களின் போட்டி தொலைக்காட்சியிலும் காட்டப்பெற்றது. இன்று போட்டிக்குரிய தளம் 54 அடி அகலமும் 42 அடி ஆழமும் உடையது. நிகழ்ச்சிக்குரிய காலம் பெரும்பாலும் இரண்டரை நிமிடமே. அச்சிறு பொழுதிற்குள் நடுவர், பலருடைய அசைவுகள் ஓர் உடலின் அசைவேபோல் இயைந்தனவா என நோக்கி மதிப்பிடுதல் வேண்டும். ஒரே கோலம் வேண்டுமென்னும் கோரிக்கை இங்கிருந்தே வலுப்பெற்றது.

அக்கோரிக்கையின் பக்கத்து நியாயங்கள் மூன்று. அவற்றை நேர்மையாக எடுத்துரைத்தல் எம் கடன்.

முதலாவது, காட்சி. இருபதின்மர் ஒருங்கே கையுயர்த்துமிடத்து, ஒருத்தியின் கூந்தல் மட்டும் அவிழ்ந்து பறக்குமாயின், காண்போர் கண் அவள்பாலே செல்லும். மற்றைப் பத்தொன்பதின்மர் உழைப்பும் மறையும். மேலும், அரங்கின் கடுவிளக்கொளி முகத்தின் வடிவை மழுக்கிவிடும். தொலைவிலிருப்பார்க்கு ஒருத்தியின் புன்முறுவல் தெரியவேண்டுமாயின் உதடும் கண்ணும் சற்றே அழுத்தமாகத் தீட்டப்படல் வேண்டும். கூத்துமேடையை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். உடையிலுள்ள கோடுகளும் கோணங்களும் இந்நோக்கத்திற்குத் துணைசெய்வனவே. அத்தகைய உடைக்கோலங்களைப் பதிப்புரிமையாற் காக்கலாகுமா என்னும் வழக்கு அந்நாட்டு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2017-இல், ஆகும் என்று தீர்ப்பாயிற்று. ஒரு கோட்டின் சாய்விற்கும் அங்கு எத்துணை மதிப்பு உண்டென்பதற்கு இதுவே சான்று.

இரண்டாவது, காப்பு. ஒருத்தியைத் தலைக்குமேல் உயர்த்தித் தாங்குவோர் கண்கள் ஒரு கணமும் மறைக்கப்படலாகாது. அவிழ்ந்த கூந்தல் கண்ணில் விழலாம். பிறர் விரலிற் சிக்கலாம். காதணியும் கழுத்தணியும் களத்திற் கழற்றப்படுவதும், ரிப்பன் முடிச்சு கண்ணை மறையாதிருக்கவேண்டும் என விதிப்பதும் இதுபற்றியே.

மூன்றாவது, சமன்மை. அவரவர் விருப்பம்போல் ஒப்பனை செய்யலாம் என விட்டுவிடின், செல்வர் மகள் விலையுயர்ந்த பூச்சுக்களோடு வருவாள். ஏழை மகள் நாணி ஒதுங்குவாள். பொதுக்கோலம் அந்நாணத்தைப் போக்குகின்றது. பள்ளிச் சீருடையின் நியாயமும் இதுவேயன்றோ?

இனி, தனிக்கோலத்தை வேண்டுவோர் கூற்றைக் கேட்போம். மனிதர் அச்சுவார்த்த பதுமைகளல்லர். குழுவின் அழகு பலர் கூடி நிற்பதிலுள்ளதேயன்றி, ஒருத்தியே பலராய்த் தோன்றுவதிலில்லை. ஒரே சிவப்புச் சாயம் வெண்ணிற முகத்தில் ஒருவிதமாயும் கருநிற முகத்தில் வேறுவிதமாயும் தோன்றும். அஃதாவது, ஒரே சாயம் ஒரே தோற்றத்தைத் தருவதில்லை. சிறுமியரை மூத்தாரைப் போல் ஒப்பனை செய்வித்தல் முறையுமன்று. இக்கூற்றுக்களை மறுத்தல் அரிது.

ஆயினும், தனிக்கோலம் என்னும் பெயர் கேட்ட அளவில் உரிமை வந்துவிட்டதென மகிழ்தல் பேதைமை. டாலஸ் நகரத்துத் தொழின்முறைக் காற்பந்துக் குழுவிற்குரிய ஊக்க மகளிர் 1972-இற் புதுக்கோலம் பூண்டு புகழ்பெற்றனர். அவர்தம் உடை ஒன்றே. கூந்தலோ அவிழ்ந்து, ஆளுக்கொரு விதமாய் அமைந்திருக்கும். இஃது ஒவ்வொருத்தியின் விருப்பமோ எனின், முழுதும் அன்று. புதிதாய்ச் சேர்வார்க்கு இன்ன நிறம், இன்ன நீளம், இன்ன சுருள் என நடத்துவோரே முடிவுசெய்யும் வழக்கம் அங்குண்டு. ஆகவே, வேறுவேறாய்த் தோன்றுதலும் கட்டளையாகலாம். ஒன்றாய்த் தோன்றுதலா வேறாய்த் தோன்றுதலா என்னும் வினாவின் அடியில், விதிப்பவர் யார், எதன் பொருட்டு விதிக்கின்றார் என்னும் வினாக்கள் மறைந்து கிடக்கின்றன.

இவ்விடத்தே கூந்தலின் செய்தியை விரித்துரைத்தல் இன்றியமையாதது. உச்சியில் இறுக்கி முடித்து, குதிரையின் வால்போலத் தொங்கவிட்டு, நுனியைச் சுருட்டி, மேலே பெரிய ரிப்பன் கட்டுதல் அக்குழுக்களிற் பெருவழக்கு. நேராய் நீண்டு வளரும் மயிருடையார்க்கு இது சில நிமிட வேலை. ஆப்பிரிக்க மரபினராகிய கறுப்பினப் பெண்களுக்கோ, மயிர் வேரிலிருந்தே நெருங்கிச் சுருண்டு வளர்வது. அதனை அவ்வடிவிற்குக் கொணர வேண்டுமாயின், சூடேற்றிய இரும்பால் இழுத்து நேராக்கல் வேண்டும். அன்றி இரசாயனப் பூச்சிட்டு அதன் இயல்பையே மாற்றல் வேண்டும். அன்றிப் பொய்மயிர் வாங்கிச் சேர்த்தல் வேண்டும். சூடு மயிரை முறிக்கும். இரசாயனத்தைப் பற்றியோ, அந்நாட்டுத் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையத்தார் 2022-இல் வெளியிட்ட ஆய்வு கவலைக்கிடமானது. மயிரை நேராக்கும் பூச்சுக்களை ஓராண்டில் நான்கு முறைக்கு மேற் பயன்படுத்திய பெண்டிருள், எழுபது வயதிற்குள் கருப்பைப் புற்றுநோய் காண்போர் நூற்றுக்கு 4.05 ஆவரென்றும், பயன்படுத்தாதாருள் நூற்றுக்கு 1.64 ஆவரென்றும் அவர் மதிப்பிட்டனர். பூச்சே நோய்க்குக் காரணமென இதனால் முடிந்துவிடவில்லை. இரண்டிற்கும் தொடர்பு காணப்பட்டதென்பதே பொருள். எனினும், ரிப்பன் அழகாய் நிற்றற்பொருட்டு ஓர் இளம்பெண்ணை அவ்வழியிற் செலுத்துதல் தகுமோ?

ஆகவே, 'எல்லார்க்கும் ஒரே விதி' என்பது எல்லார்க்கும் ஒரே சுமையன்று. ஒருத்தி சீப்பெடுத்து வாரினாற் போதும். மற்றொருத்தி தன் உடலின் இயல்பையே மாற்றிக்கொள்ளல் வேண்டும். பெயரளவில் அது பொதுவிதி. உண்மையிலோ, ஓரினத்தார் கூந்தலை அளவுகோலாகக் கொண்டு ஏனையோரை அளத்தலாகும்.

அளவுகோல் யாருடையது என்னும் இவ்வினா இக்குழுக்களின் வரலாற்றிற் புதிதன்று. டெக்சஸ் மாநிலத்துக் கிரிஸ்டல் சிற்றி என்னும் ஊரில், மாணாக்கருட் பெரும்பாலோர் மெக்சிக மரபினராயிருந்தும், ஊக்கக் குழுவில் அம்மரபினர்க்கு ஓரிடமே வழங்கும் முறை இருந்தது. 1969 டிசம்பரில் மாணாக்கர் பள்ளியை விட்டு வெளியேறிக் கிளர்ச்சி செய்தனர். அடுத்த மாதம் பள்ளி நிர்வாகம் இணங்கிற்று. அன்று கேட்கப்பட்டது, குழுவினுள் இடம். இன்று கேட்கப்படுவது, குழுவினுள் தாமாகவே நிற்க இடம்.

சட்டமும் இவ்வழியில் அடியெடுத்து வைத்துள்ளது. 2018 டிசம்பரில் நியூ ஜெர்சி மாநிலத்தில், சடையாய்த் திரித்த மயிருடைய கறுப்பின மல்யுத்த மாணவனொருவன், மயிரை வெட்டிக்கொண்டாலன்றிப் போட்டியிடலாகாதெனப்பட்டு, அரங்கிலேயே வெட்டப்பெற்றுப் பின் போட்டியிட்டான். அக்காட்சியை நாடெங்கும் கண்டு வருந்தினர். மயிரின் இயல்பும், பின்னல் சடை முதலிய முடிப்புக்களும் காரணமாகப் பள்ளியிலும் பணியிலும் எவரையும் வேற்றுமைப்படுத்தலாகாதென்னும் 'கிரௌன்' சட்டத்தைக் கலிபோர்னியா 2019-இல் முதன்முதல் இயற்றிற்று. அவ்வாண்டிறுதியில் நியூ ஜெர்சியும் பின்பற்றியது. பின்னர் இருபதிற்கு மேற்பட்ட மாநிலங்கள் அவ்வழிச் சென்றன. நாடு முழுமைக்குமான மசோதாவொன்று 2022-இற் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிற்று. ஆயினும் அக்கூட்டத்தொடரில் மேற்சபையைக் கடந்திலது.

இவற்றையெல்லாம் சீர்தூக்குமிடத்து, எமக்குத் தோன்றும் வரம்பு ஒன்றுண்டு. ஆட்டம் முடிந்தபின் கழற்றி வைக்கத்தக்கவற்றைக் குழு விதிக்கலாம். கழற்றி வைக்கவியலாதவற்றைக் குழு விதிக்கலாகாது. உடை, காலணி, ரிப்பனின் நிறம், விளக்கொளிக்கு வேண்டிய அளவான சாயம் ஆகியவை மாலையில் நீங்கும். ஆதலின் அவை குழுவிற்குரியவை. மயிரின் இயல்பும் தோலின் நிறமும் இரவிலும் உடன் துயில்வன. ஆதலின் அவை அவளுக்குரியவை.

'அங்ஙனமாயின் காட்சியும் காப்பும் என்னாவது?' எனின், விடை எளிது. விதியானது வடிவைச் சொல்லாமற் பயனைச் சொல்லுக. 'நேராக்கிய கூந்தலை உச்சியில் முடித்துச் சுருட்டுக' என்பதற்கு ஈடாக, 'கூந்தல் முகத்தினின்றும் கழுத்தினின்றும் விலகி, கரணத்தில் அவிழாதவாறு கட்டப்பட்டு, இன்ன நிறத்து ரிப்பன் அணிந்திருத்தல் வேண்டும்' என்க. பின்னலிட்டவளும் சடையுடையவளும் குறுமயிருடையவளும் இவ்விதியுள் அடங்குவர். 'இன்ன எண்ணுள்ள சாயம்' என்னாது, 'அவரவர் நிறத்திற்கு இயைந்த சிவப்பு' என்க; தொலைவில் நிற்பார்க்கு அதுவே ஒன்றாய்த் தோன்றும். சிறுமியர்க்கு வயதிற்கேற்ற ஒப்பனையே அமைக. வேண்டும் பொருளைக் குழுவே வாங்கி வழங்கின், ஏழையின் நாணமும் நீங்கும். முன்னர்க் கூறிய மூன்று நியாயங்களுள் ஒன்றேனும் இதனாற் குன்றவில்லை.

தமிழ் பயிலும் எமக்கு இவ்விடத்தே வெண்பா நினைவிற்கு வருகின்றது. ஈற்றடி முச்சீரும் ஏனையடி நாற்சீரும் பெற்று, வெண்டளை பிறழாது வருதல் அதன் இலக்கணம். எத்துணைக் கண்டிப்பான வரம்பு! ஆயினும் இருவேறு புலவர் பாடிய வெண்பாக்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. இலக்கணம் ஓசையை விதித்தது. இன்ன சொல்லையே ஆளுக என விதித்திலது. தளை தட்டினாற் பாட்டுக் கெடும். எல்லாப் புலவரும் ஒரே சொல்லையே ஆளினோ பாட்டே இல்லையாகும். குழுவின் ஒழுங்கும் இத்தகையதே. கை ஒருங்கே உயர்க. கால் ஒருங்கே பெயர்க. குரல் ஒருங்கே எழுக. அது தளை. அதனுள் நிற்கும் பெண் தன் முகத்தோடும் தன் கூந்தலோடும் நிற்பாளாக. அது சொல்.

அன்பார்ந்த வாசகர்காள்! நாடக மேடையிலும் பாடகர் குழுவிலும் நாமும் பிறரோடு அணிவகுத்து நிற்பவரே. நாளை நம்மிற் சிலர் ஆசிரியராகிப் பிறரை அணிவகுத்து நிறுத்துவோரும் ஆவர். அப்பொழுது ஒரு விதியை எழுதுமுன், அவ்விதிப்படி நிற்றற்பொருட்டு யார் எதனைக் கழற்றி வைக்கவேண்டியிருக்கும் என ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. கழற்றப்படுவது அணியாயின் விதி நிற்க. கழற்றப்படுவது ஆளாயின் விதி மாறுக. இதுவே எம் துணிபு.